வெயிலு வேற, சூடு வேற: மலையில வெளையுற ரெட் வைன் பத்தி ஒண்ணும் தெரியாதவங்களுக்கு

கோட்டாறுல கிராம்பு வாங்கப் போனா மலஞ்சரக்கு விக்கிற அண்ணாச்சி ஒரு கிராம்ப எடுத்து நகத்தால கிள்ளி மூக்குகிட்ட நீட்டுவாரு, "மாறாமலை சரக்காக்கும், எண்ணெய் எப்படி கசியுது பாத்தியளா"ன்னு. வெல கூடுதல்தான், ஆனா நம்ம ஆளுங்க யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, மலையில வெளஞ்சதுன்னா வீரியம் உண்டுன்னு சின்ன வயசுலயே தெரிஞ்சுதான வளருறோம். நல்லமிளகானாலும் சரி தேனானாலும் சரி அப்படித்தான். உலகத்துல ரெட் வைன் குடிக்கிறவங்களுக்கும் இதே நம்பிக்கை இருக்கு, லேபிள்ல மலைன்னு ஒரு வார்த்த இருந்தா கூட ரெண்டு காசு குடுக்க ரெடியா இருப்பாங்க. அதுல எவ்வளவு உண்மை, எவ்வளவு சும்மா பேச்சுன்னுதான் இப்ப சொல்லப் போறேன்.

நான் பாசஞ்சர் கப்பல்ல ரெஸ்டாரண்ட்ல வேல பாத்தவன், நம்ம குமரி மாவட்டத்துல தெருவுக்கு ஒருத்தன் கப்பலுக்கோ கல்ஃபுக்கோ போயிருப்பான்லா, அதுல ஒருத்தன். சேந்த புதுசுல ஒரு கெஸ்ட் மெனுவ காட்டி இந்த மலை மால்பெக்குக்கும் அந்த சாதா மால்பெக்குக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டாரு (மால்பெக்குங்கறது ஒரு கருப்பு திராட்சை, அதுல போடுற ரெட் வைனுக்கும் அதே பேருதான்). நான் ரொம்ப பணிவா "இது மலையில இருந்து வருது சார்"னு சொன்னேன். அவரு சிரிச்சாரு, எனக்க சீனியர் சிரிக்கல. அன்னைக்கு ராத்திரி டூட்டி முடிஞ்ச பொறவு அவரு ரெண்டு கிளாஸ்ல ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்தி வச்சு, குடிச்சுட்டு வித்தியாசத்த உனக்க பாஷையில சொல்லு, இங்கிலீஷ்ல வேண்டாம்னாரு. மலை வைனுக்கு நான் தமிழ்ல சொன்னது மூணே வார்த்த: கருப்பு, புளிப்பு, துவர்ப்பு. அவருக்கு தமிழ் தெரியாது, நான் வெவரிச்சதும் தலைய ஆட்டினாரு. அந்த மூணு வார்த்தையும் எங்கன இருந்து வருதுன்னு புரிஞ்சா இந்த விஷயத்துல முக்காவாசி முடிஞ்சுது.

மொதல்ல வைன்னா என்னன்னு பாத்துருவோம், இத வச்சு குழம்புறவங்க நிறைய. நம்ம பக்கம் கிறிஸ்மஸுக்கு பல வீடுகள்ல பரணியில (ஜாடியில) வைன் போடுறது பழைய வழக்கம். எங்க பாட்டி போட்டத நான் கூட இருந்து பாத்திருக்கேன் (இப்ப சட்டப்படி லைசென்ஸ் இல்லாம வீட்ல போடக்கூடாது, அத தெரிஞ்சுக்கிடுங்க). கம்பத்துல இருந்து வர்ற கருப்பு பன்னீர் திராட்சைய கழுவி ஈரம் போக தொடச்சு கையால நசுக்கி, சீனி, ஒரு பிடி கோதுமை, பட்டை கிராம்பு எல்லாம் போட்டு துணியால வாய கட்டி இருட்டுல வச்சிருவாங்க, தெனமும் மர அகப்பை வச்சு கிண்டணும், அப்ப மேல நுரைச்சு வரும். ஒரு வருஷம் மாமா அவசரப்பட்டு நுரை அடங்குறதுக்குள்ள குப்பியில ஊத்தி இறுக்கி மூடிட்டாரு, நடு ராத்திரி அடுக்களையில வெடி, காலையில செவரு பூரா செவப்பு. அந்த நுரைதான் விஷயமே. ஈஸ்ட்னு ஒரு நுண்ணுயிர் பழத்துல இருக்க சர்க்கரைய தின்னு ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் வெளிய விடுது. அந்த கேஸுக்கு வழி இல்லன்னா குப்பி வெடிக்கத்தான் செய்யும்.

கடையில விக்கிற அசல் வைன்லயும் நடக்கது இதேதான், ஆனா அதுல சீனியும் கோதுமையும் கிராம்பும் கிடையாது. வைனுக்குன்னு வளக்குற திராட்சை சின்ன மணியா, தொலி கட்டியா, கொட்டை நிறைய உள்ளதா இருக்கும், தின்னுறதுக்கு அவ்வளவு சொகம் இல்ல, ஆனா பழுத்து அறுக்கும்போது ஒரு லிட்டர் சாறுல 220, 240 கிராம் சர்க்கரை இருக்கும். சுமார் 17 கிராம் சர்க்கரைக்கு ஒரு சதவீதம் ஆல்கஹால்னு கணக்கு வச்சுக்கிட்டா, 240 கிராமுக்கு 14 சதவீதம் வந்துரும். வெளிய இருந்து சீனி போட வேண்டிய அவசியமே இல்ல.

இன்னொண்ணு, கருப்பு திராட்சைய உரிச்சு பிழிஞ்சா சாறு என்ன நிறம்? கிட்டத்தட்ட வெள்ளை. வைன் திராட்சையிலயும் அனேகமா அப்படித்தான். செவப்பு முழுக்க தொலியிலதான் இருக்கு. அதனாலதான் ரெட் வைன் போடும்போது தொலியோட சேத்தே ஊற விடுறாங்க, வெள்ளை வைனுக்கு மொதல்லயே பிழிஞ்சு தொலிய எடுத்துருவாங்க. நிறம், மணத்துல ஒரு பங்கு, அப்புறம் வாய பிடிக்கிற அந்த துவர்ப்புல பெரும்பகுதி, எல்லாம் தொலியில இருந்து எறங்குறது. அப்ப ரெட் வைன் எப்படி இருக்கும்கறது தொலி எப்படி இருக்குன்னு பாத்துதான். இத மனசுல வச்சுக்கிடுங்க, மலைக்கு ஏறும்போது இது வேணும்.

துவர்ப்பு பத்தி ஒரு வார்த்த. வைன் புக்குகள்ல டானின்னு ஒண்ண சொல்லி அத புரிய வைக்க வெள்ளைக்காரங்க ரெண்டு பக்கம் எழுதுவாங்க, அவங்க நாக்குக்கு இனிப்பு புளிப்பு உப்பு கசப்புன்னு பழக்கம், துவர்ப்ப கசப்போட போட்டு குழப்பிக்கிடுவாங்க. நமக்கு அறுசுவையில ஒண்ணு அது. பிஞ்சு வாழைக்காய், வாழைப்பூ, பாக்கு, ரொம்ப நேரம் கொதிச்சுப் போன கட்டஞ்சாயா, அதுக்கெல்லாம் மேல நம்ம கொல்லாம்பழம், கடிச்சு முழுங்கின ஒடனே தொண்டைய ஒரு பிடி பிடிக்குமே, அதேதான். எச்சில்ல இருக்க புரோட்டீனோட டானின் ஒட்டிக்கிடும், வழுவழுப்பு போயிரும், நாக்கும் ஈறும் ஒணந்த மாதிரி சொரசொரன்னு ஆகும். இது தமிழ் ஆளுக்கு சொல்லிக் குடுக்க வேண்டிய பாடமே இல்ல.

புளிப்பும் அப்படியே. திராட்சையில இருக்க முக்கியமான ஆசிட் டார்டாரிக், நம்ம அடுக்களை புளியில இருக்கதும் அதேதான். ரெண்டாவது மாலிக் ஆசிட், பச்சை ஆப்பிள்ல கடிச்சா வர்ற புளிப்பு. இந்த ரெண்டாவதுதான் சூட்டுக்கு ஓடிப்போறது.

இப்ப மலைக்கு வருவோம்.

நம்ம ஊர்ல மே மாசம் மத்தியானம் நடந்தா வெயிலையும் சூட்டையும் ஒண்ணாத்தான் அனுபவிக்கோம், அதனால ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிருக்கோம். கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போனவங்க ஒரு விஷயம் கவனிச்சிருப்பீங்க, காத்து சில்லுன்னு இருக்கும், சொட்டர் போட்டிருப்போம், ஆனா ரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்து கண்ணாடி பாத்தா மூஞ்சி கருத்து தொலி உரிஞ்சிருக்கும். சூடே இல்லாம வெயில் நம்மள சுட்டுருக்கு. மலை வைனோட மொத்த சூட்சுமமும் இதுக்குள்ளதான் கெடக்கு. மேல ஏற ஏற சூடு கொறையும், ஆயிரம் மீட்டருக்கு சராசரியா ஆறரை டிகிரி. ஆனா வெயிலோட கடுமை கூடும், நம்மளுக்கும் சூரியனுக்கும் நடுவுல இருக்க காத்து மெலிசாயிருதுல்லா, அதனால அல்ட்ரா வயலட் கதிர் ஆயிரம் மீட்டருக்கு சுமார் 10 சதவீதம் கூடுது.

நமக்கு தொலி கருக்குற மாதிரிதான் திராட்சைக்கும். அந்த கதிர்ல இருந்து கொட்டைய காப்பாத்த பழம் தொலிய தடிக்க வைக்கும், நிறமியையும் டானினையும் கூட்டி சேத்து வைக்கும். அதுக்கு அது குடை. அந்த குடைய நாம ஊற வச்சு குடிக்கோம், அவ்வளவுதான். கருப்பும் துவர்ப்பும் எங்கன இருந்து வந்துதுன்னு இப்ப தெரிஞ்சுதா?

புளிப்பு ராத்திரியில இருந்து வருது. கொடியில தொங்குற பழமும் மூச்சு விடும், அப்ப மாலிக் ஆசிட்ட கொஞ்சம் கொஞ்சமா எரிச்சு தீக்கும், சூடு கூடக்கூட வேகமா தீக்கும். சமவெளியில சூடான எடத்துல பகலும் சூடு ராத்திரியும் சூடு, பழம் சர்க்கரைய மடமடன்னு ஏத்திக்கிடும், புளிப்பு போயிரும், ஆனா தொலியும் கொட்டையும் முத்துறதுக்கு டைம் கிடைச்சிருக்காது. அறுக்கலாமா வேண்டாமான்னு விவசாயி நிப்பான், நிக்க நிக்க சர்க்கரை ஏறும். அந்த பழத்துல வர்ற வைன் சூடா, தித்திப்பு மணமா, கொழகொழன்னு இருக்கும், ஒரு கிளாஸுக்கு மேல போகாது. மலையில சாயங்காலம் ஆனா குளிரு எறங்கிரும், பழம் அந்த ராத்திரி பூரா ஆசிட்ட செலவு பண்ணாம வச்சிருக்கும், பகல்ல வெயில் இருக்கதுனால சர்க்கரை சேரதும் நிக்காது. பைய பைய பழுக்கும், அதுக்குள்ள தொலியும் கொட்டையும் முத்திரும். நாகர்கோவில்ல பகலுக்கும் ராத்திரிக்கும் ஏழெட்டு டிகிரிதான் வித்தியாசம், கடல் பக்கத்துல இருக்குல்லா. அர்ஜென்டினாவுல ஊக்கோ வேலின்னு ஒரு பள்ளத்தாக்கு, அங்கன 15 டிகிரிக்கு மேல வித்தியாசம் வர்றது சாதாரணம்.

அர்ஜென்டினா கதைய கொஞ்சம் வெவரமா சொல்லணும், எனக்கு பிடிச்ச கதை. மால்பெக் திராட்சை அந்த ஊரு பழமே இல்ல, ஃபிரான்ஸ்ல தென்மேற்கா காஓர்னு ஒரு பகுதி, அங்கன உள்ளது. 1853ல மிஷெல் பூஷேன்னு ஒரு ஃபிரெஞ்சு விவசாய நிபுணர் அர்ஜென்டினாவுக்கு கொண்டு போனாரு, இப்பவும் ஏப்ரல் 17ஆம் தேதிய மால்பெக் தினம்னு கொண்டாடுறாங்க. ஊர விட்டுப் போன பிள்ளை வெளிநாட்டுல பெரிய ஆளான மாதிரி, இன்னைக்கு மால்பெக்னா எல்லாரும் அர்ஜென்டினாவத்தான் சொல்லுவாங்க, சொந்த ஊர யாரும் சொல்றதில்ல. அங்கன மென்டோசாங்கற மாகாணம்தான் தலைமை எடம், ஆண்டிஸ் மலையோட அடிவாரம். நகரமே 750 மீட்டர் ஒசரத்துல இருக்கு, தோட்டங்க அதுக்கு மேல 900, 1,000, 1,500 மீட்டர்னு ஏறிக்கிட்டே போகும்.

மழை? வருஷத்துக்கு சுமார் 200 மில்லிமீட்டர்தான். நம்ம பேச்சிப்பாறை பக்கம் ஒரு நல்ல புயல் மழைய நெனச்சுப் பாருங்க, அவங்களுக்கு ஒரு வருஷத்துக்கு உள்ளது நமக்கு ரெண்டு மூணு நாள்ல கொட்டித் தீரும். காரணமும் நமக்கு பழக்கமானதுதான். நாகர்கோவில்ல இருந்து வள்ளியூர் பஸ்ல போனா ஆரல்வாய்மொழி தாண்டின ஒடனே பச்சை கொறஞ்சு காத்தாலையும் உடைமரமுமா மாறும்ல, மலைக்கு இந்தப்பக்கம் மேகம் கொட்டிட்டு அந்தப்பக்கம் வெறும் காத்தா போகுது. ஆண்டிஸும் அதே வேலதான் பாக்குது, பசிபிக் கடல்ல இருந்து வர்ற ஈரத்த மேக்குப் பக்கம் சிலி நாட்டுலயே பிடிச்சு வச்சிரும், கெழக்க இருக்க மென்டோசாவுக்கு வறண்ட காத்தும் பளிச்னு வானமும்தான். அப்ப தண்ணி? மலை மேல ஒறஞ்ச பனி உருகி வர்ற வெள்ளத்த வாய்க்கால் வெட்டி கொண்டு வர்றாங்க, ஸ்பெயின்காரன் வர்றதுக்கு முன்னாடியே அந்த மண்ணோட ஆளுங்க உவார்ப்பேங்கறவங்க தொடங்கி வச்சது. அசெக்கியான்னு பேரு. நம்ம பாஷையில சொன்னா சானல்.

திராட்சைக்கு இது வரம், மழை இல்லன்னா பூசணம் இல்ல, மருந்தடி கொறவு, வெள்ளத்த எப்ப விடணும் எப்ப நிறுத்தணும்னு மனுஷன் கையில இருக்கு. ஆனா சாபமும் ஒண்ணு உண்டு, ஆலங்கட்டி மழை. பத்து நிமிஷத்துல ஒரு வருஷ வெளச்சல அடிச்சு நொறுக்கிரும், அதனால அங்கன நிறைய தோட்டத்துல கொடிக்கு மேல வலை கட்டியிருப்பாங்க, தூரத்துல இருந்து பாத்தா நம்ம கடக்கரையில வலை காயப்போட்ட மாதிரி இருக்கும்.

இவ்வளவு மேல போனது பழைய காலத்துல இல்ல, இது புது சமாச்சாரம். 1992ல நிக்கோலாஸ் கத்தேனான்னு ஒருத்தர், பரம்பரையா வைன் தொழில் உள்ளவரு, ஊக்கோ வேலியில குவால்தயாரிங்கற எடத்துல கிட்டத்தட்ட 1,450 மீட்டர்ல தோட்டம் போட்டாரு. குளிரு அதிகம், அங்கன மால்பெக் பழுக்காதுன்னு அவருகிட்ட வேல பாத்தவரே சொல்லியிருக்காரு. பழுத்துச்சு. அதுக்குப் பொறவு ஆளாளுக்கு மேல ஏற ஆரம்பிச்சாங்க. வடக்க சால்தா மாகாணத்துல காஃபயாத்தேன்னு ஒரு ஊரு 1,700 மீட்டர் கிட்ட, நம்ம மகேந்திரகிரி உச்சி 1,650 மீட்டர்தான், அப்ப நம்ம மலை உச்சிக்கும் மேல ஒரு ஊரே உக்காந்து திராட்சை போடுது. அதே சால்தாவுல கொலோமேங்கற கம்பெனியோட ஒரு தோட்டம் 3,111 மீட்டர். தென்னிந்தியாவுலயே ஒசரமான ஆனைமுடி 2,695. திபெத்துல லாசா பக்கம் 3,500க்கும் மேல ஒரு தோட்டம் இருக்கு, அது ஒரு சாதனைன்னு வேணா சொல்லலாம், வைனுக்காக நான் அங்கன வரைக்கும் போக மாட்டேன்.

இங்கதான் ஆளுங்க ஒரு தப்பு பண்ணுவாங்க. ஒசரம் கூடுனா வைனும் ஒசத்தின்னு மீட்டர் கணக்கு பாக்க ஆரம்பிச்சிருவாங்க. மீட்டர மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அந்த எடம் பூமியில எங்கன இருக்குன்னும் பாக்கணும். நிலநடுக்கோட்டுக்கு கிட்ட இருக்க எடத்துல குளிரு வேணும்னா ரொம்ப மேல போகணும், அத விட்டு தள்ளிப் போகப் போக தரையே குளிருதான். இத்தாலியோட வடக்கு ஓரத்துல வால்தெல்லினான்னு ஒரு பள்ளத்தாக்கு, அங்கன 300ல இருந்து 700 மீட்டருக்குள்ளதான் தோட்டங்க, ஆனா அதுவே அசல் மலை வைன். செங்குத்தான சரிவுல கல்லு மேல கல்லு அடுக்கி, நம்ம வெளவங்கோடு கல்குளம் பக்கம் ரப்பர் தோட்டத்துல கையாலை கட்டுற மாதிரி, தட்டுத்தட்டா கட்டி நெப்பியோலோ திராட்சை போட்டிருக்காங்க. டிராக்டர் ஏறாது, ஆளு ஏறுறதே கஷ்டம், சில எடத்துல பறிச்ச பழத்த ஹெலிகாப்டர்ல எறக்குறாங்கன்னா பாத்துக்கிடுங்க. மலை வைன் வெல கூடுனதுக்கு பாதி காரணம் இந்த கூலிதான், ருசி அப்புறம்தான்.

சிசிலியில எட்னா எரிமலை இன்னொரு மாதிரி. மலை 3,300 மீட்டருக்கு மேல, இன்னும் பொகஞ்சுக்கிட்டு இருக்கது, அதோட சரிவுல ஆயிரம் மீட்டர் வரைக்கும் நெரெல்லோ மஸ்காலேசேன்னு ஒரு கருப்பு திராட்சை. எரிமலை மண்ணு கருப்பு மணலா இருக்கும். 1860கள்ல இருந்து ஃபிலாக்செராங்கற பேன் மாதிரி பூச்சி ஐரோப்பா பூரா திராட்சை வேரத் தின்னு அழிச்சப்ப அதால இந்த மணல்ல சரியா நடமாட முடியல, அதனால நூறு வயசு தாண்டின கொடிங்க இன்னும் சொந்த வேருலயே நிக்கிது. ஆனா எட்னா ரெட்ட கிளாஸ்ல ஊத்துனா ஏமாந்துருவீங்க, கருப்பா இருக்காது, வெளிறின செவப்புதான், நெப்பியோலோவும் அதே கேஸ். வாயில வச்சா துவர்ப்பு பிடிக்கும், புளிப்பும் நல்லா இருக்கும். மலை வைன்னா மை மாதிரி கருப்பா இருக்கணும்னு சொல்றவங்க மால்பெக்க மட்டும் குடிச்சவங்க. மலை கூட்டிக் குடுக்கும், ஆனா அந்த திராட்சை சாதிக்கு என்ன உண்டோ அதத்தான் கூட்டிக் குடுக்கும்.

அமெரிக்காவுல நாப்பா வேலியில கணக்கு இன்னும் தலைகீழ். அங்கன மலைன்னா 400, 600 மீட்டர்தான், ஹாவல் மவுண்டன்னு ஒரு பகுதிக்கு எல்லையே சுமார் 430 மீட்டருக்கு மேலன்னு வச்சிருக்காங்க. ஏன் அந்த கணக்குன்னா ராத்திரியில கடல்ல இருந்து வர்ற மூடுபனி பள்ளத்தாக்குல நெறஞ்சு அந்த ஒசரத்தோட நின்னுரும், கீழ உள்ள தோட்டங்க காலையில ஒம்பது பத்து மணி வரைக்கும் பனிக்குள்ள முங்கிக் கெடக்கும், மேல உள்ளதுக்கு விடிஞ்ச ஒடனே வெயில். குளிந்த காத்து கனமா இருக்கதுனால ராத்திரி அதுவும் கீழ எறங்கிரும், அப்ப ராத்திரியில மேல கொஞ்சம் வெதுவெதுப்பாவும் கீழ குளிராவும் இருக்கும். பகல்ல மேல சூடு கொறவு. ஆறரை டிகிரி கணக்கு ராத்திரியில அங்கன செல்லுபடியாகாது. ஆனா அந்த மலையில கேபர்னேங்கற கருப்பு திராட்சையில வர்ற வைன் நல்ல முரட்டு டானினோட இருக்கும், அதுக்கு பெரிய காரணம் மண்ணு. மலைச்சரிவுல மேல்மண்ணு எல்லாம் மழையில அரிச்சு கீழ பள்ளத்துக்கு போயிருக்கும், மேல கல்லும் சரளும்தான், வெள்ளம் நிக்காது, சத்தும் கொறவு. கொடி எலைய விட்டு கொழுக்காது, மணியும் சின்னதா இருக்கும். சின்ன மணின்னா சாறு கொறவு தொலி கூடுதல், தொலிதான் ரெட் வைன்னு முன்னாடியே சொன்னேன்லா.

செரி, கையில ஒரு கிளாஸ் வந்தா என்ன பாக்கணும்? முழுங்கின பொறவு நாக்குக்கு அடியில எச்சில் ஊறுதான்னு பாருங்க, ஊறுனா புளிப்பு நல்லா இருக்கு. ஈறு ஒணந்து பிடிக்குதா, அது டானின். தொண்டையில சூடு எறங்குதா, அது ஆல்கஹால், மலை வைன்னா மெலிசா இருக்கும்னு நெனைக்காதீங்க, வெயில் நிறைய உள்ளதுனால 14 சதவீதம் சாதாரணமா வரும், புளிப்பு கூட நிக்கதுனால அந்த சூடு தெரியாது, அதுதான் ஆபத்தும்.

நம்ம ஆளுங்க வழக்கமா பண்ற ஒரு தப்பு இருக்கு. ரெட் வைன ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு யாரோ சொன்னத கேட்டு அலமாரியில இருந்து எடுத்து அப்படியே ஊத்துவாங்க. அந்த ரூம் ஐரோப்பாக்காரன் வீட்டு பழைய கல்லு ரூமு, 16, 18 டிகிரி. நம்ம ரூமு 30. அந்த சூட்டுல ஆல்கஹால்தான் மொதல்ல மூக்குல ஏறும், மத்த மணம் எல்லாம் செத்துரும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வச்சு எடுங்க. இளசான மலை வைன் திறந்த ஒடனே இறுக்கமா, வாய பிடிச்சு இழுக்கும், ஒரு ஜக்குல ஊத்தி காத்து படட்டும், ஒரு மணி நேரத்துல கொஞ்சம் எளகிரும். கல்ஃபுல இருந்து வர்றவங்க கொண்டு வர்ற ரெண்டு லிட்டர்ல (கஸ்டம்ஸ் வரி இல்லாம விடுறது அவ்வளவுதான்) விஸ்கிக்கு பதிலா ஒரு குப்பி வைன் வாங்குனா, வீட்டுக்கு வந்து அலமாரி மேல ரெண்டு வருஷம் ஷோவுக்கு நிறுத்தி வைக்காதீங்க, நம்ம சூட்டுல அது உள்ளேயே வெந்து போகும்.

சாப்பாட்டுக்கு, மீன் கொழம்போட வேண்டாம். இத நான் கொளச்சல் பக்கத்து ஆளா வருத்தத்தோடதான் சொல்றேன். ரெட் வைன்ல இருக்க இரும்பு மீன் எண்ணெயோட சேந்தா வாயில துரு மாதிரி ஒரு ருசி அடிக்கும், அதோட வத்தல் எரிப்ப ஆல்கஹால் இன்னும் ஏத்தி விடும். தேங்காக்கொத்து போட்டு நல்லமிளகு தூக்கலா வறுத்த மாட்டுக்கறி இருந்தா அதுக்கு மென்டோசா மலை மால்பெக் கச்சிதம், கொழுப்பும் புரோட்டீனும் டானின பிடிச்சுக்கிடும், வாய்க்கு பிடிக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது.

இன்னொரு பேச்சும் அடிக்கடி கேக்கும், ரெட் வைன் இதயத்துக்கு நல்லது, மலை வைன்ல ரெஸ்வெரட்ரால்ங்கற ஒரு பொருள் கூடுதல்னு. ரெஸ்வெரட்ரால் தொலியில இருக்கது நெசம், ஆனா கிளாஸுக்கு வர்ற அளவு கொஞ்சூண்டு, நிலக்கடலையிலயும் அது உண்டு. ஆல்கஹால்ல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு 2023ல உலக சுகாதார நிறுவனமே சொல்லியாச்சு. ருசிக்கு குடிக்கேன்னா சொல்லிட்டு குடிங்க, மருந்துன்னு சொல்லாதீங்க.

கடைசியா எல்லாரும் கேக்குற கேள்வி, நமக்கும்தான் மலை இருக்கு, ஏன் போடக்கூடாது? இந்தியாவுல போடாம இல்ல, பெங்களூரு பக்கம் நந்தி மலை அடிவாரத்துல 900 மீட்டர் கிட்டயும் நாசிக்ல 600 மீட்டர் கிட்டயும் வைனுக்குன்னே தோட்டம் இருக்கு. ரெண்டு எடமும் தக்காண மேட்டுநெலம், மழை முடிஞ்சு குளிரும் வெயிலுமா இருக்க மாசங்கள்ல பழுக்க வச்சு பிப்ரவரி மார்ச் கிட்ட அறுத்துருவாங்க. ஐரோப்பாவுல கொடி பனிக்காலத்துல எலைய உதுத்து ஒறங்கும், நம்ம பக்கம் ஒறங்கவே ஒறங்காது, கவாத்து பண்ணி நாமதான் அத ஏமாத்தணும். கம்பத்துல அப்படி ஏமாத்தித்தான் வருஷம் பூரா எங்கயாவது ஒரு தோட்டத்துல பழம் இருக்கு, அதுவும் மலைக்கு கெழக்க மழை மறைவுல இருக்க எடம்.

நம்ம மாவட்டத்துல ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல இன்னொரு மழை, அதோட கோடை மழையும். ரப்பருக்கும் கிராம்புக்கும் அது அமிர்தம், திராட்சை எலையில ரெண்டு நாள் ஈரம் நின்னா பூசணம். ஆரல்வாய்மொழி தாண்டுனா மழை கொறவு, ஆனா அங்கன நெலம் தாழ்வு, பகலும் ராத்திரியும் சூடு, காத்து கொடிய நிக்க விடாது. ஒசரம் இருக்க எடத்துல மழை, மழை இல்லாத எடத்துல ஒசரம் இல்ல. எனக்க மச்சினன் ஒருத்தன் இதெல்லாம் கேட்டுட்டும் கீரிப்பாறை பக்கம் ரெண்டு ஏக்கர்ல போட்டுப் பாக்கலாமான்னு நிக்கான். ஜூன் மாசம் அங்கன ஒரு வாரம் துணிய காயப்போட்டு பாரு மக்கா, காஞ்சா வந்து சொல்லு, பொறவு பேசுவோம்னு சொல்லியிருக்கேன்.